பனியன் கம்பெனியில் சந்தித்துக்கொண்ட சொற்கள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்குக் ‘காஜா பட்டன்’ அன்றாடம் புழங்கும் பேச்சு. சட்டையின் முன்பட்டியில் பொத்தான் நுழையத் துளையிட்டு, அதன் விளிம்பில் நூல் பிரியாதபடி நெருக்கமாகத் தைப்பதைக் காஜா எடுப்பது என்போம். போலோ சட்டைகளைச் சோதிக்கப் போர்ச்சுகலிலிருந்து வந்திருந்த தர ஆய்வாளர் ஒருவர், எங்கள் செக்கிங் அக்கா “காஜா பிசிறடிக்குதுங்க” என்றதும் சட்டென நிமிர்ந்தார். துளையைத் தொட்டு ‘காசா’ என்றார். பொத்தானைத் தொட்டு, கடைசி எழுத்தை மூக்கில் இழுத்து, ‘புத்தாவ்ங்’ என்றார். அவருடைய மொழியில் காசா என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் இடம் என்பதால் துளைக்கும் அதுவே பெயர். நடுவிலுள்ள, ஆங்கில z போன்ற அதிர்வொலி நமக்கு எழுத்தில் இல்லாததால் ‘ஜ’ ஆகிவிட்டது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தபின் அவர்களுடைய வணிகத்தோடு வந்தவைதாம் சாவி, ஜன்னல், அலமாரி, நாம் துணிக்குப் போடும் இஸ்திரி எல்லாம். பனியனின் பயணம் இன்னும் வேடிக்கையானது: குஜராத்தி வணிகர்களைக் குறித்த பெயர் போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தொளதொள அங்கிக்குப் பெயராகி, பிறகு உள்ளாடையாகச் சுருங்கியது.

சொல்லாவது கப்பலேறி வந்தது. பழமொழி எப்படி ஊர்விட்டு ஊர் போகிறதோ! தையல் கோணிப்போனதற்கு மெஷினைக் குறை சொன்ன பீகார்த் தம்பியிடம் அதே அக்கா, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். எங்களோடு சில ஆண்டுகள் இருந்து தமிழ் பழகிய அவன் சிரித்துக்கொண்டே, “நாச் ந ஜானே, ஆங்கன் டேடா” என்றான். ஆடத் தெரியாதவள், கோணலான முற்றம். அச்சு மாறாமல் அதே பழமொழி. தாளவாடியிலிருந்து வந்த கன்னடக்காரர், தங்கள் ஊரில் ‘நெல டொங்கு’, அதாவது தரைதான் கோணல் என்பார்கள் என்றார். வீட்டில் தெலுங்கு பேசும் கட்டிங் மாஸ்டரோ, “எங்களுக்கு மத்தளம் ஓட்டைங்க” என்று முடித்தார். எனக்கென்னவோ தெலுங்குக்காரி துணிச்சல்காரியாகத் தெரிகிறாள். கூடமும் தரையும் வாய் திறக்கப் போவதில்லை, மத்தளக்காரன் சும்மா விடமாட்டான்.