பதுளைக்கு நிவாரண வேலைக்குப் போகிறேன், கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி ஆள். ஒரு அனர்த்த நிவாரணத் தொண்டர் குழுவில் சேர்ந்து அடுத்த மாதம் பதுளைக்குப் போகிறேன். வெள்ளமும் மண்சரிவும் கண்ட வீடுகளில் சேறு அள்ளுவதுதான் முக்கிய வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணற்றை இறைத்துத் தந்தது முன்பின் தெரியாத பிள்ளைகள். அம்மா இன்றைக்கும் அவர்களை நினைத்துக் கும்பிடுவா. அதனால் எப்படியும் போகத்தான் வேணும்.

மலைநாட்டில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் குளிருக்கு ஒரு ஜெர்சி காணுமா? அட்டைக்கு உப்பா, சவர்க்காரமா? எலிக்காய்ச்சலை நினைத்தால்தான் பயம். சேற்றில் இறங்குவதற்கு முன்பே டொக்ஸிசைக்கிளின் குளிசை தொடங்க வேணும் என்கிறார்கள். அதை இங்கேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எடுக்கலாமா, அங்கே போய்த்தான் எடுப்பதா?

அப்புறம், வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர நம்பர் 117ஐப் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் மாரி வெள்ளம் ஏறினால் அம்மம்மாவைத் தூக்கி இறக்க ஆள் வேணும், அவவால் படி இறங்க ஏலாது. கல்லடிப் பக்கம் இருக்கிற அண்ணாமார், தம்பிமார் யாராவது மழை நாளில் ஒருக்கா எட்டிப் பார்ப்பீர்களா? இன்பொக்ஸில் சொன்னால் அம்மாவிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவேன்.