கலைச்சொல்: கீட்டோ தொடக்கத்தில் வரும் தளர்ச்சிக்கு என்ன பெயர்?

எல்லாருக்கும் வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் வயதில் கீட்டோ உணவுக்கு மாறுகிற பெண்களுக்காகத் திருகோணமலையில் கொடுக்க எழுதும் துண்டுப்பிரசுரம் ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. சோறு, பாண், இடியப்பத்தை விட்டு மாச்சத்தை நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கினால், இரண்டாம் மூன்றாம் நாளில் தலையிடி, எழும்பும்போது தலைச்சுற்று, கெண்டைக்கால் பிடிப்பு, படபடப்பு எல்லாம் வரக்கூடும். அநேகமாக ஒரு கிழமையில் அடங்கும். இணையத்தில் எல்லாரும் இதைக் 'கீட்டோக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பெயர் இங்கே ஆபத்து. இதில் உடம்பு சுடுவதே இல்லை. ஐப்பசி மழை தொடங்கினால் நம் பக்கம் டெங்கு வரும் காலம். உண்மையாகவே 38 பாகைக்கு மேல் காய்கிற ஒருத்தி, "இது கீட்டோக் காய்ச்சல்தானே" என்று வீட்டில் படுத்துவிடலாம். மறுபக்கம், உப்பும் தண்ணீரும் தேவைப்படுகிறவள் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாள்.

காரணம் இதுதான். மாச்சத்துக் குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே விடும். ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். அது கரையக் கரைய அந்தத் தண்ணீரும் சலமாகப் போய்விடும். முதல் கிழமை தராசில் குறைகிற இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். ஆகவே என் முன்மொழிவு: உப்பிறக்கம்.

———

> ஆகவே என் முன்மொழிவு: உப்பிறக்கம்.

அக்கா, காய்ச்சல் என்ற சொல்லைத் தூக்கியது நூறு வீதம் சரி. ஆனால் மருந்து கொடுக்கும் யன்னலில் நிற்கிற எனக்கு 'உப்பிறக்கம்' என்றால் பயம். "சலத்தில உப்பு போகுது" என்று சொன்னாலே சிறுநீரகம் பழுது என்று எடுத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறையும் நிலை வேறு. அதை ஆய்வுகூடத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். இரண்டையும் ஒரே பெயரில் போடக்கூடாது.

இன்னொன்று, பெயரில் உப்பு இருந்தால் ஆட்கள் உப்பைத் தேடுவார்கள். பிறஷர், இதயம், சிறுநீரகம் என்று ஒரு நோயும் இல்லாதவருக்கு அது நல்லது: ஒரு கோப்பை மீன் சூப்பில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 1.2 கிராம் சோடியம். பலருக்குத் தலையிடி குறையும். ஐம்பது வயதில் பாதிப்பேராவது ஏதோ ஒரு குளிசை எடுப்பவர்கள் என்று நினைத்தே எழுதுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சலம் போக்கும் குளிசையோடு கீட்டோ தொடங்கினால் சோடியம் இரண்டு வழியாலும் போகும். அவருக்கு வேண்டியது உப்பு அல்ல, குளிசையின் அளவைத் திருத்துவது. ஐந்து நிமிடம் இருந்து பிறஷர் பார்த்து, எழும்பி நின்று 1ஆம், 3ஆம் நிமிடங்களில் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அன்றே டொக்டரிடம் காட்ட வேண்டும்.

இளநீரைப் பற்றியும் எழுதுங்கள். தலைச்சுற்று என்றால் நம் ஆட்களின் கை முதலில் போவது செவ்விளநீருக்குத்தான். அதில் சோடியம் கொஞ்சம், பொற்றாசியம் நிறைய, சீனியும் உண்டு. லொசார்டான், எனலாப்ரில் என்ற பிறஷர் குளிசைகளை எடுப்பவருக்குப் பொற்றாசியம் ஏற்கெனவே ஏறக்கூடியது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிற பைக்கற்றும் அவருக்குக் கூடாது, அதில் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு கலந்திருக்கும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவநீரைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு இருக்கிறது. சாதாரணத் தளர்ச்சிக்கு அது வேண்டாம். வயிற்றோட்டம் என்றால் கீட்டோவை மறந்துவிட்டு அதைக் குடிக்கத்தான் வேண்டும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர் டொக்டரைக் கேட்காமல் கீட்டோ தொடங்கவே கூடாது. குளுக்கோசு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகிவிடலாம். சத்தி, மூச்சிரைப்பு வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

———

இருவருக்கும் வணக்கம். சொல்லின் கட்டமைப்பை மட்டும் பார்க்கிறேன்.

நோயாளி உணர்வது தளர்வு; அதற்கு வேர் உப்பு இழப்பு. உணர்வதைத் தலைச்சொல்லாகவும் வேரை அடையாகவும் வைத்தால் தம்பியின் பயமும் தீரும்: உப்பிழப்புத் தளர்வு. 'இறக்கம்' என்றால் பரிசோதனை எண்ணைக் குறிக்கும் தொனி வருகிறது. 'தளர்வு' என்றால் உடம்பின் நிலை. "எனக்கு உப்புத் தளர்வு" என்று வாயில் சுருங்கினாலும் பொருள் கெடாது. 'கீட்டோ' என்பதைச் சொல்லில் சேர்க்க வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசுகிற ஆடி வெயிலில் வேர்த்து ஊற்றினால் சோறு சாப்பிடுகிறவருக்கும் இதே தளர்வு வரும்; சொல் அங்கேயும் பொருந்தட்டும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பில் ஏறும் சூட்டுக்கு இதே பிரசுரத்தில் 'வெப்ப அலை' என்று இருப்பதையும் மாற்றுங்கள். வானிலை அறிவித்தலில் அதற்கு வேறு பொருள். பேச்சில் "நெஞ்சுக்குள்ளால வெக்கை எழும்புது" என்கிறார்கள். வெக்கையெழுச்சி என்று போடலாம்.

———

ஐயா, தம்பி, இரண்டு சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன். பதிவு இப்படிப் போகிறது:

உப்பிழப்புத் தளர்வு: மாச்சத்தைத் திடீரென்று குறைத்ததாலோ கடும் வேர்வையாலோ சோடியமும் தண்ணீரும் இழந்து வரும் தலையிடி, தலைச்சுற்று, தசைப்பிடிப்பு. காய்ச்சல் இராது.

வெக்கையெழுச்சி: ஈஸ்திரோஜன் குறைவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு கூருணர்வாகி, நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும் சூடு. பெரும்பாலும் 1 முதல் 5 நிமிடம். வேர்த்து முடியக் குளிரும்.

படபடப்பு இரண்டிலும் உண்டு என்பதால் பிரித்தறியும் வழியையும் கீழே எழுதுகிறேன். எழும்பும்போது கூடி, படுத்தால் குறைந்தால் உப்பிழப்பு. படுத்திருக்கும்போதே நித்திரையைக் குழப்பி வேர்க்க வைத்தால் வெக்கையெழுச்சி. வேர்வையோடு கைநடுக்கமும் அகோரப் பசியும் இருந்து, நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்ளசைட்டோ எடுப்பவராகவும் இருந்தால் உடனே விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோசு. அந்த நேரம் மாச்சத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது.

'கீட்டோ வெக்கையெழுச்சியைத் தணிக்கும்' என்ற வரியை எடுத்துவிட்டேன். எடையும் சீனியும் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. வெக்கையெழுச்சி பற்றி அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. வெண்ணெய் போட்ட கடுங்கோப்பி சிலருக்கு அதைத் தூண்டவும் செய்யும். அதிகம் பலன் தருவது ஹோர்மோன் சிகிச்சை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்திரோஜனோடு புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. எலும்புக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம்: முள்ளோடு சாப்பிடும் சாளை, நெத்தலி, எருமைத் தயிர்.

பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராமல் இருந்தவருக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். உணவை மாற்றியதால் வந்தது என்று காத்திருக்கக் கூடாது. இதை முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுகிறேன். தம்பி, குளிசைப் பட்டியலை ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கோ.