எஃப்ஆர்ஆர் படிச்சா ஐஓஎஸ் படிச்ச மாதிரியா?

அரசலாற்றங்கரை:
"சிசிஎன்ஏ லேப்புக்கு எஃப்ஆர்ஆர் போதும், கட்டளை எல்லாம் அப்படியே ஐஓஎஸ்தான்"னு மன்னார்குடியான் நேத்து எழுதியிருக்கார். சிசிஎன்ஏ சிஸ்கோவோட நெட்வொர்க் பரிட்சை, ஐஓஎஸ் சிஸ்கோ ரவுட்டர்ல ஓடுற மென்பொருள், எஃப்ஆர்ஆர் லினக்ஸ்ல ஓடுற இலவச ரவுட்டிங் மென்பொருள். படிச்சதிலேர்ந்து மனசு ஆறல. புதுசாப் படிக்கிற பிள்ளைங்க நம்பிடும். ஐஓஎஸ்ல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற முறை) வரி, நெட்வொர்க் 10.0.12.0 0.0.0.3 ஏரியா 0. எஃப்ஆர்ஆர்ல நெட்வொர்க் 10.0.12.0/30 ஏரியா 0. 0.0.0.3 மாதிரி வைல்டுகார்டு மாஸ்க் (சப்நெட் மாஸ்க்கைத் திருப்பிப் போட்டது) கொடுத்தா எஃப்ஆர்ஆர் வாங்காது. "அப்படியே"ன்னா என்ன அர்த்தம்?

மன்னார்குடியான்:
ஒரு வரிக்கு இவ்வளவு கூச்சலா? கான்ஃபிகர் டெர்மினல், ஷோ ஐபி ரூட், ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர், ரைட் மெமரி எல்லாம் ஒண்ணுதான். ஐஓஎஸ்வி (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஐஓஎஸ் ரவுட்டர்) ஒண்ணுக்கே 512 எம்பி மெமரி போயிடும். அந்த இடத்துல எஃப்ஆர்ஆர் கண்டெய்னர் நாலஞ்சு ஓடும். ஐஓஎஸ்லயே இன்டர்ஃபேஸுக்குள்ள ஐபி ஓஎஸ்பிஎஃப் 1 ஏரியா 0ன்னு போட்டா வைல்டுகார்டு எதுக்கு?

அரசலாற்றங்கரை:
நெட்வொர்க் வரியைக் காட்டி, "நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) ஏன் வரல?"ன்னு பரிட்சையில கேட்டா என்ன செய்வீங்க? 192.168.10.64/27க்கு வைல்டுகார்டு 0.0.0.31. பழகாதவங்க 0.0.0.32 போடுவாங்க. பிட் கணக்குல அது .64, .96 ரெண்டை மட்டும் பிடிக்கும். இன்டர்ஃபேஸ் .65ல இருக்கு. அதுல ஓஎஸ்பிஎஃப் தொடங்கவே தொடங்காது, நெய்பரைத் தேடுற ஹலோ போகாது, பிழைச் செய்தியும் வராது. கையால அடிச்சு அடிச்சுத்தான் இது பிடிபடும்.

ஐயாறு_மாணவன்:
அண்ணே, எஃப்ஆர்ஆர் போட்டாச்சு. ஓஎஸ்பிஎஃப் ஓடவே மாட்டேங்குதே?

குடந்தை_கேபிள்:
தம்பி, டேமன்ஸ்னு ஒரு கோப்பு இருக்கும். அதுல ஓஎஸ்பிஎஃப்டி "நோ"ன்னு இருக்கும். "எஸ்"னு மாத்திட்டு எஃப்ஆர்ஆரை மறுபடி தொடங்கு. லினக்ஸ்ல ஐபி ஃபார்வர்டையும் 1 ஆக்கு, இல்லேன்னா ரூட் எல்லாம் வந்திருக்கும், பாக்கெட் மட்டும் தாண்டாது. நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்டிலயே (பாதி இணைப்பு நிலை) நின்னா ரெண்டு பக்கமும் எம்டியூ (பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) ஒண்ணான்னு பாரு. ஆனா சிசிஎன்ஏவுக்குன்னா முதல்ல சிஸ்கோவோட பாக்கெட் ட்ரேசர் சிமுலேட்டர். இலவசம். சுவிட்ச்ல போடுற போர்ட் செக்யூரிட்டி பழக எஃப்ஆர்ஆர்ல இடமே இல்ல.

மன்னார்குடியான்:
பாக்கெட் ட்ரேசர் பொம்மை, பாதிக் கட்டளை இருக்காது. அரசலாற்றங்கரைக்கு ஒண்ணு: எஃப்ஆர்ஆர்ல அக்சஸ்-லிஸ்ட் 10 பெர்மிட் 10.0.0.0 0.0.0.255 அடிச்சுப் பாருங்க, வாங்கிக்கும். வைல்டுகார்டே இல்லன்னீங்களே?

அரசலாற்றங்கரை:
நான் சொன்னது ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் வரியை. மேல போய்ப் படிங்க. அந்த அக்சஸ்-லிஸ்ட் ரூட்டை வடிகட்டும், பாக்கெட்டைத் தடுக்காது. ஐபி அக்சஸ்-க்ரூப்னு இன்டர்ஃபேஸ்ல கட்ட வழியில்ல. தடுக்கணும்னா லினக்ஸ்ல என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் விதி எழுதணும், முகவரி மாத்துற நாட் (NAT) வேலைக்கும் அதேதான். சிசிஎன்ஏவோட 200-301 பாடத்திட்டத்துல ஏசிஎல் (அக்சஸ்-லிஸ்ட்), நாட் ரெண்டும் இருக்கு. போன மாசம் சப்நெட் பேச்சிலயும் இப்படித்தான் நழுவினீங்க.

மன்னார்குடியான்:
நழுவினேனா? ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல /31 (ரெண்டே முகவரி) போடலாம்னேன். அதுக்கான இன்டர்நெட் தர ஆவணம் ஆர்எஃப்சி 3021, 2000லயே வந்தாச்சு.

அரசலாற்றங்கரை:
ஈதர்நெட் இன்டர்ஃபேஸ்ல /31 போட்டா ஐஓஎஸ் எச்சரிக்கை காட்டும்னேன். அதுக்கு இன்னிவரைக்கும் உங்ககிட்டேர்ந்து பதில் வரல.

குடந்தை_கேபிள்:
சண்டையை விடுங்கப்பா. சிஸ்கோவோட லேப் மென்பொருள் சிஎம்எல் இலவசப் பதிப்புல 5 நோடு (கருவி) கிடைக்கும், அசல் ஐஓஎஸ். மெமரி 8 ஜிபியாவது வேணும். நடுவுல கல்லணைன்னு ஒரு ரவுட்டர், அதுலேர்ந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் மூணு. 10.0.12.0/30, 10.0.13.0/30, 10.0.14.0/30. தம்பி, இதைக் கட்டிப் பாரு.

பட்டுக்கோட்டை_கடைமடை:
கல்லணைக் கால்வாயை மறந்தாச்சு. தண்ணியிலயும் எங்களைத்தான் கடைசியா நினைக்கிறீங்க, லேப்லயும் அப்படியா? ஒரு நோடு மிச்சம் இருக்கே!

குடந்தை_கேபிள்:
அது பிசிக்கு வெச்சது.

பட்டுக்கோட்டை_கடைமடை:
பிசி எதுக்கு? ஒவ்வொரு ரவுட்டர்லயும் லூப்பேக் (கேபிள் இல்லாத கற்பனை இன்டர்ஃபேஸ்) போட்டு அதுலேர்ந்து பிங் அடிங்க.

அரசலாற்றங்கரை:
லூப்பேக்குக்கு /24 கொடுத்தாலும் ஓஎஸ்பிஎஃப் /32ஆத்தான் அறிவிக்கும். /24ஆவே தெரியணும்னா லூப்பேக்ல ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட் போடணும். இப்பவும் நெட்வொர்க் வரிக்கு வைல்டுகார்டு வேணும், அதை மறக்காதீங்க.

மன்னார்குடியான்:
திரும்பவும் வைல்டுகார்டா! /30 மாதிரி பிரிஃபிக்ஸ் தெரிஞ்சவனுக்கு அது நிமிஷ வேலை. 255லேர்ந்து மாஸ்க்கைக் கழிச்சா வந்துடும்.

அரசலாற்றங்கரை:
172.16.8.0/21க்குச் சொல்லுங்க பார்ப்போம்.

மன்னார்குடியான்:
0.0.7.255. எஃப்ஆர்ஆர்லயே படிச்சவன் சொல்றேன், போதுமா?

அரசலாற்றங்கரை:
எஃப்ஆர்ஆர் ஓஎஸ்பிஎஃப்ல அதை எந்த வரியில எழுதினீங்க?