பதினாறு வருட எக்ஸ்பாக்ஸ்காரன் பிஎஸ்5-க்கு மாறலாமா?

வைகைக்கரை

நண்பர்களே, இரண்டு மாதமாக முடிவெடுக்க முடியாமல் அல்லாடுகிறேன். 2009-இல் அண்ணன் தன் முதல் தீபாவளி போனஸில் மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான (கன்சோல்) எக்ஸ்பாக்ஸ் 360 வாங்கி வந்தான். இன்றைக்கும் ஓடுகிறது. மதுரை வீட்டின் முன்னறையில் அப்போது 21 இன்ச் பெட்டி டிவிதான். திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அவனுக்கு, ஒரு பாதி எனக்கு. கியர்ஸ் ஆஃப் வார் கேமின் முதல் பாகத்தை அப்படித்தான் முடித்தோம். அந்தச் சின்னத் திரையில் எது எதிரி, எது தூண் என்று தெரியாது. அம்மா திட்டத் திட்ட, டிவியில் மூக்கு ஒட்டும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்து விளையாடுவோம்.

அண்ணன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். போன வருடம் சோனியின் பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் 5) வாங்கிவிட்டான். நான் ஐம்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். பிஎஸ்5 வாங்குவதா, இப்போதைய எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எக்ஸ் வாங்குவதா? 360 டிஸ்க் முப்பத்தொன்று ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. டப்பாவைத் திறந்தால் மனசு எக்ஸ்பாக்ஸ் பக்கம் போகிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸின் அடையாளமான ஹேலோ கேமே பிஎஸ்5-க்கு வரப்போகிறது என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எக்ஸ்பாக்ஸுக்கென்று என்ன மிச்சம் என்றும் தோன்றுகிறது.

இப்போதைக்கு பிஎஸ்5 பக்கம்தான் சாய்கிறேன். தப்பு என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

பச்சை பட்டன்

தப்பு என்று சொல்லத்தான் வந்தேன் அண்ணே.

அந்த முப்பத்தொரு டிஸ்க்கையும் பரண் மேல் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சீரிஸ் எக்ஸ் 360 டிஸ்க்கை ஏற்கும். புதுப் பெட்டியில் ஓடும் பழைய கேம்களின் பட்டியலில் 600-க்கும் அதிகமான 360 கேம்கள் இருக்கின்றன, 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கேம்களும் கொஞ்சம் உண்டு. 2010-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷனை அதே பழைய டிஸ்க்கில் 4கே தெளிவோடு பார்க்கலாம். தனியாக ஒரு பைசா கட்ட வேண்டாம். பிஎஸ்5-இல் பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், எடுக்கவே எடுக்காது.

பழைய ரசிகனை இந்த அளவுக்கு மதித்த கம்பெனி வேறு கிடையாது. சும்மா பாசத்தில் சொல்லவில்லை, இருபது வருடத்துக்கு முந்தைய கேமைப் புதுப் பெட்டியில் ஓடவைப்பது பெரிய வேலை. எக்ஸ்பாக்ஸ், 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று ஒவ்வொன்றின் சிப்பும் வேறு வேறு. ஒவ்வொரு கேமையும் தனித்தனியாக எடுத்துச் சோதித்து, உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் பட்டியலில் சேர்த்தார்கள்.

டிஸ்க் பெட்டி

பச்சை பட்டன் சொன்னதில் பாதிதான் வந்திருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

சீரிஸ் எக்ஸில் 360 டிஸ்க்கைப் போட்டால் கேம் டிஸ்க்கிலிருந்து ஓடாது. முழு கேமும் நெட்டிலிருந்து இறங்கும். டிஸ்க் வெறும் சாவி, கேம் உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அந்த சர்வரை நிறுத்தும் நாளில் சாவி கையில் இருக்கும், வீடு இருக்காது. பட்டியலும் 2021 நவம்பரோடு நின்றுவிட்டது. கடைசியாக எழுபதுக்கும் மேற்பட்ட கேம்களைச் சேர்த்துவிட்டு, இதற்கு மேல் முடியாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. 360-இன் ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-இல் மூடியும் விட்டார்கள்.

வைகைக்கரை, முதலில் உங்கள் முப்பத்தொன்றில் எத்தனை அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அப்புறம் பேசுவோம்.

நான் ஏன் பிஎஸ்5, அதிலும் டிஸ்க் போடும் பிஎஸ்5 என்று சொல்கிறேன் தெரியுமா? நாங்கள் நான்கு பேர். புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாய் அளவில் வருகிறது. ஆளுக்கு ஒன்று வாங்குவோம், முடித்ததும் கை மாற்றுவோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சந்திப்பு. ஒவ்வொருவர் பையிலும் ஒரு நீல உறை இருக்கும். நான்கும் சுற்றி முடிந்ததும் செகண்ட் ஹேண்டில் விற்றுவிடுவோம். பாதி விலையாவது தேறும். எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கை நம் ஊர்க் கடைகளில் தேடிப் பாருங்கள், வாங்கவும் ஆள் இல்லை, விற்கவும் ஆள் இல்லை. நம் ஊரில் கேம் விளையாடுகிறவன் காசு எண்ணித்தான் விளையாடுகிறான். அவனுக்கு டிஸ்க்தான் சொத்து.

வைகைக்கரை

எண்ணிவிட்டேன். முப்பத்தொன்றில் இருபத்திரண்டு பட்டியலில் இருக்கின்றன, ஒன்பது இல்லை. நானும் அண்ணனும் அதிகம் விளையாடிய கிரிக்கெட் கேம் அந்த ஒன்பதில் ஒன்று.

பச்சை பட்டன்

மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓடுகிறதே! பிஎஸ்5-க்குப் போனால் முப்பத்தொன்றும் போச்சு.

அண்ணே டிஸ்க் பெட்டி, நீங்கள் சொல்லும் டீக்கடைக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதற்கு நான்கு நண்பர்கள் வேண்டும். என்னைப் போல ஒற்றை ஆளாக இருப்பவன் என்ன செய்வான்? எனக்கு எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தாவான கேம் பாஸ்தான் அந்த நான்கு நண்பர்கள். ஐயாயிரம் கொடுத்து நானாக ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டேன் என்ற கேம்களை அதில்தான் விளையாடினேன். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒரு ஓவியன் கொலைக்குத் துப்பு துலக்கும் பென்டிமென்ட் அப்படித்தான் என் கைக்கு வந்தது. பழைய சுவடியில் எழுதியது போல எழுத்து ஓடும். பேசுகிறவன் படித்தவனா பாமரனா என்பதைப் பொறுத்து கையெழுத்து மாறும். விலை கொடுத்து வாங்கவேண்டிய கட்டாயம் இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். மூன்று நாள் வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாவது ப்ளேயர்

பென்டிமென்ட் எனக்கும் பிடித்த கேம் அண்ணா. ஆனால் நான் அதை பிஎஸ்5-இல் விளையாடினேன். 2024 பிப்ரவரியில் எக்ஸ்பாக்ஸ் தன் நான்கு கேம்களை வெளியே கொடுக்க முடிவு செய்தபோது இதுவும் அதில் ஒன்று. சீ ஆஃப் தீவ்ஸ் ஏப்ரலில் வந்தது. அப்புறம் இண்டியானா ஜோன்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் 5. கொஞ்ச நாள் பொறுத்தால் எல்லாம் வந்துசேர்கிறது. பிஎஸ்5-இலிருந்து எக்ஸ்பாக்ஸுக்கு அப்படிப் போவதில்லை. சோனி கேம்கள் கணினிக்குப் போகின்றன, எதிர் பெட்டிக்குப் போவது அபூர்வம்.

கேம் பாஸின் பெரிய திட்டமான அல்டிமேட்டின் விலையையும் பாருங்கள். 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டாலராக இருந்தது ஒரே அடியாக 29.99 ஆனது. இங்கும் ஏற்றினார்கள். வாடகை வீட்டில் இருப்பது போலத்தான், அடுத்த வருடம் எவ்வளவு கேட்பார்கள் என்று உங்கள் கையில் இல்லை.

பணம் மிச்சம் என்று சின்ன எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எஸ் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் வைகைக்கரை அண்ணா. அதில் டிஸ்க் போடவே இடமில்லை, உங்கள் டப்பா சும்மா கிடக்கும். 512 ஜிபி என்று எழுதியிருப்பார்கள், கைக்குக் கிடைப்பது 364தான். பெரிய கேம் மூன்று நான்கு ஏற்றினால் நிறைந்துவிடும். அப்புறம் திரை பிரித்து விளையாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நானும் தங்கையும் சேர்ந்துதான் விளையாடுவோம். பால்டர்ஸ் கேட் 3 பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. காரணம் இந்த எஸ். எக்ஸில் 16 ஜிபி மெமரி, எஸ்ஸில் 10 ஜிபிதான். அதில் திரையை இரண்டாகப் பிரிக்க முடியவில்லை. கடைசியில் எஸ்ஸுக்கு அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள்.

பச்சை பட்டன்

2025 ஏப்ரலில் எட்டாவது பேட்ச்சில் (கேமுக்கான அப்டேட்) அதைக் கொடுத்துவிட்டார்கள் சகோதரி. இப்போது எஸ்ஸிலும் திரை பிரிக்கலாம்.

இரண்டாவது ப்ளேயர்

சரி, அது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அண்ணா. அதற்குள் நாங்கள் இரண்டு தடவை முடித்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கன்ட்ரோலர். பிஎஸ்5 வாங்கியதும் உள்ளேயே ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் என்று ஒரு சின்ன கேம் இருக்கும். அந்தக் குட்டி ரோபோ மணலில் நடந்தால் உள்ளங்கையில் நறநற என்று தெரியும். கண்ணாடித் தரையில் ஏறினால் டக் டக். மழை பெய்தால் தூறல் கன்ட்ரோலருக்குள்ளேயே விழுவது போல இருக்கும். தங்கை கண்ணை மூடிக்கொண்டு, இது மணல், இது இரும்பு என்று சரியாகச் சொன்னாள். வேறு எந்த கன்ட்ரோலரிலும் அவளால் அப்படிச் சொல்ல முடியாது.

பச்சை பட்டன்

அது உண்மை. பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் நல்ல கன்ட்ரோலர்தான். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் சாதாரண டபுள் ஏ பேட்டரி போடலாம். பத்து வருடம் கழித்து உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போனால் டூயல்சென்ஸைக் கழற்றத்தான் வேண்டும். என்னுடையதுக்கு மளிகைக் கடையில் பேட்டரி கிடைக்கும்.

கேசட் காலத்தவன்

தம்பிகளா, தங்கச்சி, வயதில் மூத்தவன் ஒரு கதை சொல்கிறேன்.

செகா என்ற கேம் கம்பெனியை நினைவிருக்கிறதா? மரியோவைக் கொடுத்த நிண்டெண்டோவுக்கு நேர் எதிரி. மரியோ வீடு, சோனிக் வீடு என்று ஒரு தலைமுறையே இரண்டாகப் பிரிந்து நின்றது. 2001 ஜனவரியில் செகா இனி கன்சோல் செய்வதில்லை என்று அறிவித்தது. அதன் கடைசிப் பெட்டியான ட்ரீம்காஸ்டோடு முடிந்தது. அதே வருடக் கடைசியில் செகாவின் சோனிக் கேம் நிண்டெண்டோவின் கேம்க்யூப் பெட்டியில் வந்தது. ட்ரீம்காஸ்ட் வைத்திருந்தவர்கள் அன்று எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் முதன்முதலில் கடைக்கு வந்ததும் அதே 2001 நவம்பரில்தான்.

ஹேலோ பிஎஸ்5-க்கு வருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கேம்க்யூப் சோனிக்தான் கண்முன் வந்தது. தன் ராஜாவையே அடுத்த அரண்மனைக்கு அனுப்புகிறவன், கோட்டையை எத்தனை நாள் காப்பான்? 55 ஆயிரம் சின்னப் பணம் இல்லை தம்பி.

அந்தக் காலத்தில் பொறுத்திருந்தால் விலையாவது இறங்கும். பிஎஸ்2 அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து, பின்னால் 99-க்கு இறங்கியது. இப்போது எல்லாம் தலைகீழ். 499-க்கு வந்த சீரிஸ் எக்ஸ் 2025-இல் இரண்டு முறை ஏறி 649 ஆகிவிட்டது. பிஎஸ்5-உம் ஏறியது. வாங்குவது என்றால் தள்ளிப்போடாதே.

பச்சை பட்டன்

ஐயா, செகாவிடம் பணம் இல்லை, அதனால் நிறுத்தினார்கள். மைக்ரோசாஃப்ட் 2023-இல் ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட் என்ற கேம் கம்பெனியை வாங்க 68.7 பில்லியன் டாலர் கொடுத்தது. அடுத்த கன்சோலுக்காக சிப் கம்பெனியான ஏஎம்டியோடு சேர்ந்து சிப் செய்வதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். பழைய லைப்ரரி அதிலும் ஓடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். கோட்டையை விட்டுப் போகிறவர்கள் செய்யும் காரியமா இது?

டிஸ்க் பெட்டி

செய்ய மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு வேறு, கடையில் இருக்கும் பெட்டி வேறு. வைகைக்கரை இப்போது வாங்கப் போவது இப்போது இருக்கும் பெட்டியை.

கொங்குநாட்டு மரியோ

இரண்டும் வேண்டாம், அண்ணன் ஊருக்கு வரும்போது நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு குட்டி கன்ட்ரோலர் கழற்றி ஆளுக்கு ஒன்று பிடிக்கலாம். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, அதனால் ரிப்பேர் வந்தால் அலைச்சல். அது ஒன்றுதான் குறை.

பச்சை பட்டன்

வைகைக்கரை அண்ணே, கடைசியாக ஒன்று. அண்ணனோடு சேர்ந்து விளையாடத்தானே இத்தனை யோசனை? நீங்கள் முடித்த அந்த முதல் பாகத்தின் புது வடிவம், கியர்ஸ் ஆஃப் வார் ரீலோடெட், 2025 ஆகஸ்டில் வந்தது. எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5, கணினி மூன்றிலும் இருக்கிறது, வேறு வேறு பெட்டிக்காரர்கள் நெட்டில் சேர்ந்து விளையாடும் கிராஸ்ப்ளேயும் உண்டு. அவர் மஸ்கட்டில் பிஎஸ்5-இல் இருக்கட்டும், நீங்கள் மதுரையில் எக்ஸ்பாக்ஸில் இருங்கள். ஒரே ஆட்டத்தில் சேரலாம். அதற்காக மாறவேண்டிய அவசியமே இல்லை. டப்பாவில் இருப்பதில் இருபத்திரண்டு டிஸ்க் உங்களுக்கு மிச்சம்.

வைகைக்கரை

பச்சை பட்டன், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அண்ணனுக்கு போன் போட்டேன். கிராஸ்ப்ளே விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் ஜூனில் ஒரு மாதம் லீவில் வருகிறேன்டா, நீ பிஎஸ்5 வாங்கினால் என்னிடம் இருக்கும் டிஸ்க் பன்னிரண்டையும் கொண்டுவந்து உன்னிடமே வைத்துவிட்டுப் போகிறேன்" என்றான். கியர்ஸ் ரீலோடெட்டில் திரை பிரிக்கவும் முடியும் என்றான். இப்போது வீட்டில் 43 இன்ச் டிவி.

நெட்டில் சேர்ந்து விளையாட எந்தப் பெட்டியானாலும் போதும், நீங்கள் சொன்னது சரி. ஆனால் டிஸ்க்கைக் கொடுத்து வாங்க இரண்டு பேரிடமும் ஒரே பெட்டி வேண்டும். டிஸ்க் பெட்டி அண்ணன் நான்கு பேர் டீக்கடையில் செய்வதை நாங்கள் இரண்டு பேர் விமான நிலையத்தில் செய்யப்போகிறோம். டிஸ்க் போடும் பிஎஸ்5 எடுக்கிறேன். 360 டிவிக்குக் கீழே அதே இடத்தில் இருக்கும். அந்தக் கிரிக்கெட் கேம் அதில் மட்டும்தானே ஓடும்.

பச்சை பட்டன்

எனக்கு இன்னும் சம்மதமில்லை. இரண்டு வருடம் கழித்துப் புது எக்ஸ்பாக்ஸில் அந்த இருபத்திரண்டும் ஓடும்போது மறுபடி இதே விவாதத்துக்கு வருவேன்.

ஆனால் ஒரு வேலை செய்யுங்கள் அண்ணே. 2009-இல் வாங்கிய பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கை இனிமேல் நம்பக்கூடாது. ஒரு பென்டிரைவை 360-இலேயே செருகுங்கள், செட்டிங்கில் ஸ்டோரேஜுக்குப் போய் அங்கேயே அதைக் கன்ஃபிகர் செய்யுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடலாம், அதனால் காலி பென்டிரைவாக எடுங்கள். அப்புறம் உங்கள் சேவ் (கேமில் எட்டிய இடத்தைச் சேமித்த ஃபைல்), அண்ணன் சேவ் எல்லாவற்றையும் அதற்குக் காப்பி செய்யுங்கள். கிரிக்கெட் கேமின் சேவை முதலில்.

வைகைக்கரை

16 ஜிபி பென்டிரைவ் ஒன்று சும்மா இருக்கிறது. இன்று ராத்திரியே செய்கிறேன் தம்பி.