சித்திரையில் வால்பாறை: முதியவரும் குழந்தையும் உடன் வர, காட்டுயிர்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி (மதுரைவாசி):
வணக்கம். எழுபது வயதான என் தாயாரையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, சித்திரைப் பிறப்பை ஒட்டி மூன்று நாள் வால்பாறையில் தங்க எண்ணியிருக்கிறோம். சொந்தக் காரில் ஆழியாறு வழியாக வருவோம். வரையாட்டையும் இருவாச்சிப் பறவையையும் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள் மகள். யானை என்ற சொல்லைக் கேட்டதுமே பயணம் வேண்டாம் என்கிறார் தாயார். விலங்குகளுக்கும் எங்களுக்கும் தொல்லையின்றிப் பார்க்க எங்கே, எந்நேரத்தில் செல்லலாம்? அட்டைக்கடி இருக்குமா?

பதில் (எஸ்டேட்வாசி):
தாயாரின் அச்சம் நியாயமானதே, ஆனால் அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இங்குள்ள யானைகள் பகலில் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரங்களிலும் ஒதுங்கியிருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பின்னரே தோட்டத்தையும் சாலையையும் கடக்கின்றன. இங்கு நேர்ந்த உயிரிழப்புகளில் பல, யானை பக்கத்தில் நிற்பதை அறியாமல் இருட்டில் நடந்து சென்றபோது நேர்ந்தவை. யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும், கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் ஊருக்கு அறிவிக்கும் ஏற்பாடு அதனால்தான் வந்தது. நீங்கள் தங்குமிடத்துக் காவலாளியிடம் காலையும் மாலையும் "இன்று எந்த டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) யானை?" என்று கேளுங்கள், இணையத்தில் தேடுவதைவிட அது பயனுள்ளது.

சாலையில் யானைகளைக் கண்டால், தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமலும் கீழே இறங்காமலும், வண்டியைப் பின்னோக்கி எடுக்க இடம் விட்டுக் காத்திருங்கள். குட்டியோடு நிற்கும் கூட்டம் விலக அரைமணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கைபேசித் திரை முழுவதும் யானையே தெரிகிறதென்றால், நீங்கள் வரம்பு மீறி நெருங்கிவிட்டீர்கள். நான் யானையைவிட அதிகம் அஞ்சுவது சிறுத்தைக்குத்தான்: அந்திக்குப் பின் குழந்தை தேயிலைச் செடிகளின் ஓரமாகத் தனியே விளையாடக் கூடாது.

அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். அது மழைக்காலத்து விருந்தாளி. கோடைமழை வலுத்தால் மட்டும் சோலையோரங்களில் சில தென்படலாம்.

பதில் (பறவை நோக்கர்):
இருவாச்சியைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள். இது அவை கூடு கட்டியிருக்கும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தைக் கொண்டே வாயிலை அடைத்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கையில் அதன் இறகுகளும் உதிர்ந்துவிடுவதால், அதுவும் குஞ்சும் உண்பதெல்லாம் ஆண் பறவை தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக மேலே வரவழைத்து ஊட்டும் அத்தி முதலிய பழங்களும் சிற்றுயிர்களும்தாம். மரத்தடியில் ஆள் நின்றால் அது கூட்டுக்கு வரத் தயங்கும், உள்ளே பசி. ஆகவே கூட்டைக் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பழுத்த அத்திமரம் ஒன்றைச் சாலையிலிருந்தே காலையில் கவனித்தால் போதும். பறவை கண்ணில் படும் முன்பே, துருத்தி ஊதுவது போன்ற அதன் சிறகோசை கேட்டுவிடும்.

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டம் அருகே சோலைமந்திகளையும் (சிங்கவால் குரங்குகள்) பார்க்கலாம். வெடிப்பலா மரம் கிளையை ஒட்டியே கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தால், அவை அதில் அமர்ந்து பூவைப் பிய்த்துத் தின்பதை மகள் நெடுநேரம் ரசிப்பாள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

பதில் (பொள்ளாச்சிக்காரர்):
வரையாட்டுக்கு அலைய வேண்டியதே இல்லை. ஆழியாற்றிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைச் சரிவில் காலை வேளையில் அவை பெரும்பாலும் தென்படும். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த குட்டிகள் தாயோடு நிற்கும். அவற்றுக்குத் தின்பண்டம் நீட்டுபவர்களைப் பார்த்து நொந்திருக்கிறேன். போன மாதம்கூட ஒரு குட்டி சிப்ஸ் உறையை மென்றுகொண்டிருந்தது. பழகிய ஆடு வண்டிச் சக்கரத்துக்கும் அஞ்சாமல் நிற்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

மதுரைவாசி:
அனைவருக்கும் நன்றி. மாலை ஐந்தரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுவதென்றால் வருவதாகத் தாயார் இசைந்துவிட்டார். அவரால் அதிகம் நடக்க முடியாது. அவர் உட்கார்ந்தபடி ரசிக்க ஏதேனும் உண்டா?

பதில் (எஸ்டேட்வாசி):
உண்டு. நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மழை பெய்திருந்தால், காப்பித் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். மல்லிகை போன்ற அதன் மணம் சாலைவரை வரும். ஆனால் பூ இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். மழை எப்போது பெய்தது என்பதையும் அதே காவலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.