கொமினிகேசன் கடையில அடிச்ச சீவியோட கனடாவில கணக்கு வேலை தேடுறவங்களுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து புதுசா ரொறன்ரோ வந்து வங்கி, கணக்கு, ஓடிட் வேலை தேடுற தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுறன். போன கிழமை காரைதீவுத் தங்கச்சி ஒராள் தன்ட சீவியை, அதுதான் வேலைக்கு அனுப்புற சுயவிபரக் கோவையை, அனுப்பியிருந்தா. திறந்தா, களுவாஞ்சிகுடிக் கொமினிகேசன் கடையில (டைப் அடிச்சுப் போட்டோகொப்பி எடுத்துத் தாற கடை) நான் அடிச்சுக் கொண்டு வந்த அதே மாதிரிச் சீவி.

மேல மூலையில பாஸ்போட் சைஸ் படம். முழுப்பெயர், முதலெழுத்தோட பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, சமயம். சாதாரண தரப் பெறுபேறு ஒன்பது பாடமும் கட்டம் போட்டு. கடைசியில "மேற்கூறிய விபரங்கள் உண்மை" எண்டு கையெழுத்து வைக்கப் புள்ளிக்கோடு. ஊரில அது முறையான சீவிதான். இங்க பெயரைத் தவிர இதில ஒண்டும் தேவையில்ல. படம், வயசு, சமயம், கலியாணம் முடிச்சதா இல்லையா எண்டதை எல்லாம் எடுத்துடுங்க. ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டப்படி, விண்ணப்பப் படிவத்தில வயசையும் சமயத்தையும் கேக்கவே கூடாது.

இனிப் பொன்ட், அதாவது எழுத்துரு. கலிப்ரி, ஏரியல், கேம்பிரியா மூண்டில ஒண்டு போதும். உடம்பெழுத்து 10.5 இல்லாட்டி 11, பெயர் மட்டும் 16. தங்கச்சி ஜோர்ஜியா போட்டிருந்தா. வாசிக்க வடிவான எழுத்து, ஆனா அதில இலக்கங்கள் ஒரே உயரத்தில நிக்காது. 1,379,640 எண்டு அடிச்சுப் பாருங்க: 3, 4, 7, 9 கோட்டுக்குக் கீழ இறங்கும், 6 மேல ஏறும், 1உம் 0உம் குள்ளமா நிக்கும். கன்டாரா, கொன்ஸ்டான்டியாவும் அப்படித்தான். வேற தொழிலுக்கு அது பரவாயில்ல. நாம இலக்கத்தைக் காட்டித்தான் வேலை கேக்கிறம், அது நேரா நிக்கோணும்.

லட்சம், கோடி இங்க விளங்காது. 45 லட்சத்தை 4.5 மில்லியன் எண்டு மாத்தி, இலங்கை ரூபா எண்டு தெளிவா எழுதுங்க. வெறும் ரூபா எண்டா இந்தியா எண்டு நினைப்பாங்க.

அமைப்பில நான் பட்ட பாட்டைச் சொல்றன். வந்த புதுசில இணையத்தில எடுத்த, பக்கத்தை இடம் வலமா ரெண்டு பத்தியாப் (கொலம்) பிரிச்ச டிசைனில சீவி செய்து மூணு மாசம் அனுப்பினன், ஒரு பதிலும் இல்ல. ஒரு கம்பனிட தளத்தில ஏத்தினா அது தானா படிவத்தை நிரப்பும். அண்டைக்குத்தான் அதை ஆறுதலாப் பாத்தன். பதவி எண்ட பெட்டியில "எக்செல்" எண்டு கிடக்கு, தொலைபேசிப் பெட்டி வெறுமை. இடப்பக்கப் பத்தியையும் வலப்பக்கப் பத்தியையும் மெசின் ஒரே வரியா வாசிச்சிருக்கு. நம்பரை நான் ஹெடருக்குள்ள (பக்கத்துக்கு மேல உள்ள தலைப்புப் பகுதி) போட்டிருந்தன், அது அங்க பாக்கவே இல்ல.

அதால ஒரே கொலமா வைங்க. கட்டம், டெக்ஸ்ட் பொக்ஸ், திறமைக்கு நட்சத்திரம் எல்லாம் வேண்டாம். திகதியை வலப்பக்கம் கொண்டுபோக ஸ்பேஸை அடிச்சு அடிச்சுத் தள்ளாதீங்க, வலப்பக்க டேப் வைங்க. பிடிஎப் ஆக்கினதும் முழுக்கக் கொப்பி பண்ணி நோட்பேடில ஒட்டிப் பாருங்க. அங்க வரி ஒழுங்கா வந்தா மெசினுக்கும் அனேகமா ஒழுங்காத்தான் போகும். பாமினி எண்ட பழைய தமிழ்ப் பொன்டில அடிச்ச பாடசாலைப் பெயர் எங்கையாவது இருந்தா அது வெறும் ஆங்கில எழுத்தாக் கொட்டுறதும் அப்பத்தான் தெரியும்.

தாளையும் மாத்துங்க. நம்மட ஏ4 297 மில்லிமீற்றர் உயரம், இங்கத்த லெட்டர் 279 தான். மாத்தாம அச்செடுத்தா பக்கம் சுருங்கி வரும், இல்லாட்டி ஓரம் வெட்டுப்படும். லண்டன், அவுஸ்திரேலியா போனவங்க ஏ4லயே விடலாம்.

தங்கச்சி கல்முனைக் கிளை அனுபவத்தைக் கீழ ஒரு வரியில ஒளிச்சு வச்சிருந்தா. ரெண்டு வருசம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று (வங்கிக் கூற்றையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பிட்டுச் சரிபாக்கிறது) செய்த பிள்ளை! நெற்செய்கைக் கடன் கோப்பு எத்தனை பாத்தா, மாத முடிவுக் கணக்கை எத்தனை நாளில முடிச்சா எண்டு கேட்டு, அதையே மேல ஏத்தினம். இப்ப ஒரே பக்கத்தில நிக்குது.

எனக்குக் காட்ட விருப்பமெண்டா அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் அழிச்சிட்டு அனுப்புங்க. வேலை முடிஞ்சு வந்து ராவைக்குப் பாத்துச் சொல்றன்.