ஐ3 மடிக்கணினியில் ஐ7 செயலி (பிராசஸர்) போட முடியுமா?

தஞ்சைத் தட்டச்சர்:
வணக்கம். நீதிமன்றத்துக்கு எதிரே சிறிய தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மனு, பத்திரம், வாடகை ஒப்பந்தம், இவைதான் பிழைப்பு. 2015இல் வாங்கிய மடிக்கணினி; இன்டெல் கோர் ஐ3-4005யு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, டீயும் குடித்துவிட்டு வந்தால்தான் திரை வருகிறது. கட்சிக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர், "எட்டாயிரம் கொடுங்கள், ஐ7 போட்டுத் தருகிறேன்" என்கிறார். மேசைக் கணினியில் என் மைத்துனன் செயலியை மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். இதிலும் முடியுமா?

திருப்புளி:
ஐயா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு இதே வேலைதான். உங்கள் செயலியின் கடைசி எழுத்து யு. அந்த வகை மதர்போர்டிலேயே பற்றவைத்து வருவது. அடியில் 1168 பற்றாசு உருண்டைகள், ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. சூடேற்றிப் பெயர்த்தெடுக்கும் இயந்திரம் சில இடங்களில் உண்டு. பத்தாண்டு பழைய போர்டு அந்தச் சூட்டைத் தாங்குமா என்பது அதனதன் ஜாதகம்.

உங்களுடையது இன்டெலின் நான்காம் தலைமுறை. அதிலேயே எம், எம்க்யூ என்று முடிந்தவற்றில் பல, சாக்கெட்டில், அதாவது கழற்றி மாட்டும் குழியில், உட்காருபவை. என்னிடம் லெனோவோ திங்க்பேட் டி440பி இருக்கிறது. அடிமூடிக்கு இரண்டே திருகுகள்; கழற்றினால் விசிறியும் செம்புக் குழாயும் கண்ணெதிரே. அவற்றைத் தூக்கினால் பழைய வெப்பப் பசை, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்ததுபோல் உதிரும். சாக்கெட்டின் ஓரத்துத் திருகைத் தட்டை முனையால் திருப்பினால் செயலி கையோடு வந்துவிடும். இரண்டு கோர் ஐ5-4300எம் இருந்த இடத்தில் நான்கு கோர் ஐ7-4712எம்க்யூ வைத்தேன். இரண்டுக்குமே 37 வாட். பழைய விசிறியே சமாளிக்கிறது, கொஞ்சம் கூவுகிறது. ஐந்தாம் தலைமுறை வந்ததும் இந்தச் சாக்கெட் வகையை இன்டெல் நிறுத்திவிட்டது.

அது கிடக்கட்டும். கணினி திணறும்போது, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலி, டிஸ்க் இரண்டும் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்.

தஞ்சைத் தட்டச்சர்:
டிஸ்க் 100இல் நிற்கிறது, அசையவே இல்லை. செயலி 14.

கணக்குப்பிள்ளை:
பிறகென்ன அண்ணா, குற்றவாளி அகப்பட்டுவிட்டான்; செயலி அல்ல, ஹார்ட் டிஸ்க்தான். அதற்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். இன்னொரு 4 ஜிபி ரேமும் சேர்க்கலாம். டிடிஆர்3எல் என்று கேளுங்கள், அது 1.35 வோல்ட். வெறும் டிடிஆர்3 வேண்டாம், அது 1.5 வோல்ட். நான் அதை வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்க இரண்டு முறை அலைந்தேன்.

வடக்கு வீதி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளில் நான்காம் தலைமுறை கிடையாது. இதில் செலவு செய்வது வீண்.

திருப்புளி:
வீண் என்று சொல்ல மாட்டேன். எஸ்எஸ்டியை நாளை புதுக் கணினிக்கு வெளி டிஸ்க்காகவாவது வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டால் தட்டச்சு வேலைக்கு இது தாராளம்.

தஞ்சைத் தட்டச்சர்:
எஸ்எஸ்டி மட்டும் போட்டாயிற்று. இன்று காலை துடைப்பத்தை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. பழைய கடைக்காரரிடம், "யு வகையை மாற்ற முடியாதாமே" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் ஐ5 போட்டுவிடலாம்" என்கிறார்.